கல்லாவில் 20, கல்லூரியில் 14: மதுரையில் கால்குலேட்டர் வாங்குமுன்

கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்ததும் முதலில் அழுத்திப் பார்க்க வேண்டியது 2 + 3 × 4 =. டவுன்ஹால் ரோட்டிலும் மீனாட்சி பஜாரிலும் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி வைத்திருப்பவற்றில் சில 20 என்று சொல்லும், சில 14 என்று சொல்லும். இரண்டுமே நல்ல மெஷின்தான். 20 சொல்வது கல்லாவில் வைக்க, 14 சொல்வது பரீட்சைக்குக் கொண்டுபோக. இந்த வித்தியாசம் தெரியாமல் மகளுக்கு வாங்கியதைக் கடையில் வைத்துக்கொண்டும், கடைக்கு வாங்கியதை மகளிடம் கொடுத்துவிட்டும் ரெண்டு பக்கமும் திட்டுகிறவர்கள் நிறைய. அதனால் இந்த மதிப்பீட்டில் பேட்டரி, பட்டன், பளபளப்பு எல்லாம் பின்னால்தான். எந்த மெஷின் எதை முதலில் செய்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

கல்லா மெஷினிலிருந்து தொடங்குவோம். காசியோ எம்ஜே-120டி, சிட்டிசன் சிடி-512, ஆர்பாட் மாதிரியான 12 இலக்க மேசைக் கால்குலேட்டர்கள் எல்லாம் ஒரே குணம். 2, +, 3 அழுத்திவிட்டு × மேல் விரல் வைக்கும்போது திரையைக் கவனியுங்கள். நீங்கள் 4 அழுத்துவதற்கு முன்பே அது 5 என்று மாறியிருக்கும். அதாவது கையில் வந்த கணக்கை அப்போதே முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கும். பின்னால் பெருக்கல் வருகிறதே என்று காத்திருக்காது. பில் கூட்டுகிறவருக்கு இது வசதி, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் நடு விடை கண்ணில் படுகிறது.

சிக்கல் எங்கே என்றால், இரண்டு சாமானை ஒரே மூச்சில் அடிக்கும்போது. கீழ மாசி வீதியில் மளிகை எடுக்கிறீர்கள். 45 ரூபாய் வீதம் 3 கிலோ, 60 ரூபாய் வீதம் 2 கிலோ. 3 × 45 + 2 × 60 = என்று அடித்தால் 8,220 வரும். 135-உடன் 2-ஐக் கூட்டி 137 ஆக்கி, அதை 60-ஆல் பெருக்கிவிடும். சரியான தொகை 255. இந்த அளவுக்கு ஊதிப்போனால் யாருக்கும் கண்ணில் படும். ஆனால் இரண்டாவது சாமானின் விலை 2 ரூபாய், 3 ரூபாய் என்று சின்னதாக இருந்தால் தப்பான தொகையும் நம்புகிற மாதிரியே இருக்கும், அப்படியே பில்லில் ஏறிவிடும்.

இதற்கு மெஷினிலேயே இரண்டு வழி இருக்கிறது. 3 × 45 எம்+, 2 × 60 எம்+ (விடையை மெமரியில் சேர்க்கும்), பிறகு எம்ஆர்சி (சேர்ந்ததைக் காட்டும்): 255. அல்லது 3 × 45 =, 2 × 60 =, பிறகு ஜிடி: அதே 255. ஜிடி என்பது ஒவ்வொரு முறை = அழுத்தியபோதும் வந்த விடைகளை ஓரமாகக் கூட்டி வைத்திருக்கும் பெட்டி. சில மாடல்களில் மேலே இருக்கும் சுவிட்சை ஜிடி பக்கம் தள்ளினால்தான் இது வேலை செய்யும். எங்கள் ஓட்டு ஜிடிக்குத்தான். எம்+ அழுத்த மறந்தால் ஒரு சாமான் போச்சு. = அழுத்துவது கைப்பழக்கம், அதை யாரும் மறப்பதில்லை. ஒன்று மட்டும்: அடுத்த வாடிக்கையாளருக்கு அடிப்பதற்கு முன் ஏசி அழுத்தி, திரை ஓரத்தில் எம், ஜிடி என்ற சின்ன எழுத்துகள் போய்விட்டனவா என்று பார்க்க வேண்டும். பல மாடல்களில் எம் மெமரி ஏசி-க்கு அழியாது. எம்ஆர்சி-யை இரண்டு முறை அழுத்த வேண்டும், அல்லது தனியாக எம்சி இருக்கும்.

செக் அண்ட் கரெக்ட் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கூடுதல் கொடுத்தாலும் வாங்குங்கள். அடித்த வரிசையைப் படிப்படியாகத் திருப்பிக் காட்டும். கணக்கில் சண்டை வந்தால், மெஷின் தப்பா விரல் தப்பா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வகுத்தலில் இன்னொரு பொறி. 2,400 ரூபாய்க்கு ஒரு பெட்டி, அதில் 12 பாக்கெட், ஒரு பாக்கெட்டில் 5 துண்டு. ஒரு துண்டு என்ன விலை? பலர் அடிப்பது 2400 ÷ 12 × 5. விடை 1,000. கல்லா மெஷின் மட்டும் அல்ல, பரீட்சைக்குக் கொண்டுபோகும் எந்த சயின்டிஃபிக் மெஷினும் இதற்கு 1,000 என்றுதான் சொல்லும். 12-ம் 5-ம் சேர்ந்தே கீழே இருக்க வேண்டும் என்பது உங்கள் மனதில்தான் இருக்கிறது, மெஷினுக்குத் தெரியாது. 2400 ÷ 12 ÷ 5 என்று இரண்டு முறையும் வகுத்தால் 40. கோட்டுக்குக் கீழே இருப்பது எல்லாவற்றுக்கும் ÷ என்று கையைப் பழக்கிவிட்டால் கல்லா மெஷினில் அடைப்புக்குறியே வேண்டாம்.

அதே மாதிரி, பெருக்கல்களை முதலில் முடித்துவிட்டு வகுத்தலைக் கடைசியில் வையுங்கள். 1 ÷ 3 × 3 அடித்தால் 12 இலக்க மெஷின் 0.99999999999 என்று காட்டும். 1 × 3 ÷ 3 அடித்தால் 1. திரையில் தெரியும் இலக்கங்களோடு வெட்டிவிடுவதால் வரும் வினை இது. வட்டிக் கணக்கும் அப்படியே: 50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம், 45 நாள் என்றால் 50000 × 12 × 45 ÷ 36500 = 739.73. சயின்டிஃபிக் மெஷின் திரையில் காட்டுவதைவிடக் கூடுதல் இலக்கங்களை உள்ளே வைத்துக்கொள்வதால் அதில் இந்தக் கவலை இல்லை.

சதவீத பட்டன்தான் மதுரைக் கடைவீதியில் அதிகம் சண்டை மூட்டுவது. 1000 + 18 % அழுத்திப் பாருங்கள். சில மெஷின் 1,180 என்று சொல்லும். காசியோவின் பல மேசை மாடல்கள் 1,219.51 என்று சொல்லும். இது கோளாறு அல்ல. அந்த மெஷினில் + வந்து % வந்தால் ‘விற்பனை விலையில் 18 சதவீதம் லாபம் நிற்க வேண்டும்’ என்று பொருள், 1000-ஐ 0.82-ஆல் வகுத்துத் தருகிறது. வரி சேர்க்க அதில் 1000 × 18 % + என்று அழுத்த வேண்டும். இதே கணக்கை காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்ஸில் போட்டால் 1000.18 வரும், ஏனென்றால் அதற்கு 18% என்றால் வெறும் 0.18. மூன்று மெஷின், மூன்று விடை. வாங்கும் இடத்திலேயே இதை அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகு % பக்கமே போகாமல் 1000 × 1.18 என்று அடிப்பது உத்தமம். எந்த மெஷினும் 1,180 தவிர வேறு சொல்லாது. வரி சேர்ந்த தொகையிலிருந்து வரியைப் பிரிக்க 1180 ÷ 1.18. 1180-லிருந்து 18 சதவீதத்தைக் கழித்தால் 967.60 தான் வரும். 32 ரூபாய் 40 காசு காற்றோடு போகும்.

ஜிஎஸ்டி பட்டன் வைத்த எம்ஜே-120ஜிஎஸ்டி போன்ற மாடல்கள் இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான் வந்தன. பயன் உண்டு. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 என்ற அடுக்குகள் போய் 5, 18 ஆகிவிட்டது, சிலவற்றுக்கு 40. அதற்கு முன் தயாரான பெட்டியில் பழைய விகிதங்கள் இருக்கும். மாற்ற முடியுமா, எப்படி என்று கடைக்காரரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். தெரியாது என்றால் சாதாரண எம்ஜே-120டியே போதும்.

மேலே இருக்கும் தள்ளு சுவிட்சுகளால் வரும் புகார்கள் தனி ரகம்.

“அண்ணே, இது தப்புத் தப்பாக் காட்டுது. 500 போட்டு 300 கூட்டுனா 8ங்குது.”

“சுவிட்சு ஆட்-2ல கிடக்கு பாருங்க தம்பி. ஓரமாத் தள்ளி விடுங்க.”

ஆட்-2 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தையும் காசாக எடுத்துக்கொள்ளும். 500 என்பது 5.00 ஆகிவிடும். பைக்குள் போட்டு எடுக்கும்போது சுவிட்சு நகர்ந்துவிடுகிறது. கடைக்கு, அடித்ததை அப்படியே எடுத்துக்கொள்ளும் எஃப் நிலையில் விட்டுவைப்பதே நல்லது.

நகைக்கடைக் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே பட்டனைவிட வரிசையில்தான் பணம் இருக்கிறது. தெற்கு ஆவணி மூல வீதியில் புது நகை எடுக்கிறீர்கள். தங்கம், சேதாரம், செய்கூலி எல்லாம் சேர்ந்து 1,00,000. பழைய நகைக்கு 30,000 கழிக்கிறார்கள். ஜிஎஸ்டி 3 சதவீதம். 100000 × 1.03 − 30000 என்றால் 73,000. முதலில் கழித்துவிட்டு 70000 × 1.03 என்றால் 72,100. வித்தியாசம் 900 ரூபாய். வரி விதிப்பது புது நகையின் முழு மதிப்பின் மேல் என்பதால் 73,000-தான் சரி. வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்து போனில் கழித்துவிட்டுப் பெருக்கி, “900 ரூபா ஏமாத்திட்டான்” என்று திரும்பிப் போவதற்கு இதுதான் காரணம். இரண்டு பேர் மெஷினும் சரி, எதை முதலில் செய்வது என்பதில்தான் பேதம்.

ஆடித் தள்ளுபடியில் 20 சதவீதம், மேலும் 10 சதவீதம் என்றால் எதை முதலில் கழித்தாலும் ஒன்றுதான், மொத்தம் 28 சதவீதம். சதவீதத்தோடு ரொக்கக் கழிவும் சேர்ந்தால்தான் வரிசை பேசும்: 2,000-க்கு 10 சதவீதம் போக 200 கழித்தால் 1,600, 200 கழித்துவிட்டு 10 சதவீதம் போனால் 1,620.

இனி சயின்டிஃபிக். இங்கே கல்லூரிப் பிள்ளைகள் கேட்டு வாங்குவது பெரும்பாலும் காசியோவின் மூன்று மாடல்கள்: எஃப்எக்ஸ்-991எம்எஸ், 991இஎஸ் பிளஸ், கிளாஸ்விஸ் வரிசையில் வந்த 991சிடபிள்யூ. மூன்றும் பெருக்கலை முதலில் செய்து 2 + 3 × 4-க்கு 14 என்றே சொல்லும். இணையத்தில் அடிக்கடி கிளம்பும் அந்தச் சண்டைக் கணக்கைப் போட்டால்தான் பிரிவார்கள்.

6 ÷ 2(1+2). பெருக்கல் குறி இல்லாமல், அடைப்புக்குறியை 2-ஓடு ஒட்டி அடிக்க வேண்டும். பழைய 991எம்எஸ் 9 என்கிறது. இஎஸ் பிளஸ் 1 என்கிறது. ஒரே கம்பெனி, ஒரே அலமாரி. இஎஸ் பிளஸ்ஸின் கையேட்டில் போட்டிருக்கும் முன்னுரிமை வரிசையில், குறி விடுபட்ட பெருக்கல் சாதாரண × ÷ இரண்டுக்கும் மேலே இருக்கிறது. அதனால் 2(1+2) என்பதை ஒரே உருப்படியாக, 6 என்று எடுத்துக்கொண்டு 6 ÷ 6 செய்கிறது. நடுவில் × போட்டு 6 ÷ 2 × (1+2) என்று அடித்தால் அதே மெஷின் 9 என்று சொல்லும்.

எம்எஸ் இன்னும் வேடிக்கை. அதற்கும் அந்தச் சலுகை உண்டு, ஆனால் π, இ, ஏ, பி போன்ற எழுத்துகளுக்கு முன்னால் மட்டும். அடைப்புக்குறி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே 1 ÷ 2π அடித்தால் 0.159 வரும், அதாவது 2π-யைச் சேர்த்தே கீழே வைக்கிறது. 6 ÷ 2(1+2)-க்கு இடமிருந்து வலமாகப் போய் 9 தருகிறது. ஒரே மெஷினுக்குள் இரண்டு நியாயம். இரண்டாம் பதிப்பு என்று அச்சிட்ட பெட்டி கையில் கிடைத்தால் இந்த இரண்டையும் அழுத்திப் பார்த்தே எடுங்கள். பழையதைப் போலவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிளாஸ்விஸ் செய்வது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. விடையை 1 என்று சொல்வதோடு நிற்காமல், நீங்கள் அடித்த வரியிலேயே தானாக அடைப்புக்குறி போட்டு 6÷(2(1+2)) என்று காட்டிவிடுகிறது. ‘நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்’ என்று மெஷினே சொல்லிவிடுவதால், நீங்கள் நினைத்தது வேறு என்றால் உடனே பிடிபடும். இந்த ஒரு குணத்துக்காகவே மூன்றில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். குறை என்னவென்றால் பழைய கைகளுக்கு இது அந்நியம். = இருந்த இடத்தில் இஎக்ஸ்இ. பின்னத்தைத் தசமமாக்கும் எஸ்-டி பட்டன் போய், ஃபார்மட் அழுத்திப் பட்டியலில் தேட வேண்டும். செமஸ்டர் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது புதிதாக வாங்கத் தக்கது அல்ல.

அப்படியானால் 9 சரியா, 1 சரியா? இரண்டும் அந்தந்த வழக்கத்தில் சரி; கணக்கை எழுதிய விதம்தான் சரியில்லை. 2019 ஜூலையில் 8 ÷ 2(2+2) என்பது உலகமெங்கும் 16-ஆ 1-ஆ என்று இதே பாட்டைப் பாடியது. ஃபிசிக்கல் ரிவ்யூ என்ற இயற்பியல் ஆய்விதழ்களின் எழுத்து நடையில் சாய்கோட்டு வகுத்தலுக்கு முன் பெருக்கல். நம் பள்ளிப் பாடத்தில் இரண்டும் சமம், இடமிருந்து வலம். கணிதக் குறிகளுக்கான ஐஎஸ்ஓ 80000-2 தரநிலை சொல்வது இன்னும் நேர்: சாய்கோட்டுக்குப் பின்னால் அதே வரியில் பெருக்கல் குறியோ வகுத்தல் குறியோ வந்தால் அடைப்புக்குறி போட்டு எழுது. 1659-ல் ஜொஹான் ரான் தன் இயற்கணித நூலில் அச்சேற்றிய ÷ குறியை மேல்வகுப்புக் கணக்கில் யாரும் தொடுவதே இல்லை. மேலே கீழே கோடு போட்டு எழுதிவிடுகிறார்கள். இஎஸ் பிளஸ்ஸிலும் சிடபிள்யூவிலும் அந்தப் பின்னப் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி மேல் கட்டத்திலும் கீழ் கட்டத்திலும் நிரப்பினால் இந்த வம்பே கிடையாது. எம்எஸ்ஸில் இந்த வசதி இல்லாததுதான் அதன் பெரிய குறை, 9 சொல்வது அல்ல.

பரீட்சையில் இது எங்கே கடிக்கும் என்று பார்க்க ஒரு இருபடிச் சமன்பாடு போதும். 2x² − 7x + 3 = 0. மூலக்குறிக்குள் 49 − 24 = 25. ஒரு மூலம் (7 + 5) ÷ 2ஏ, ஏ-யின் மதிப்பு 2. மெமரியில் ஏ = 2 வைத்துக்கொண்டு 12 ÷ 2ஏ என்று ஒட்டி அடித்தால் எம்எஸ், இஎஸ் பிளஸ் இரண்டும் 3 தரும்; சரி. 12 ÷ 2 × 2 என்று எண்ணாக அடித்தால் 12, தப்பு. 12 ÷ 2(2) என்றால் பழைய எம்எஸ் 12, இஎஸ் பிளஸ் 3. பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்குச் சரியாக வந்த அதே அடி உங்களுக்கு வராமல் போவது இப்படித்தான். 12 ÷ (2 × 2) என்று அடித்தால் எங்கும் 3.

குறை எண்ணின் வர்க்கத்தில் போகும் மதிப்பெண்கள் இதைவிட அதிகம். x² − 5x + 6 = 0 என்பதில் b என்பது −5. −5² − 4 × 1 × 6 என்று அப்படியே அடித்தால் −49 வரும், மூலக்குறி போட்டதும் கணக்கு நின்றுவிடும். மெஷினுக்கு அடுக்கு முதலில், கழித்தல் குறி பிறகு. −5² என்றால் −25. (−5)² என்று அடைத்தால் 25, மொத்தம் 1. ஆனால் முந்தைய விடை −5 ஆக இருந்து, உடனே x² அழுத்தினால் 25 வரும், ஏனென்றால் அங்கே வர்க்கமாவது ஆன்ஸ் என்ற முழுப் பொருள். இதே கணக்கை எக்செல்லில் =-5^2 என்று போட்டால் 25! எக்செல் முன்னால் நிற்கும் கழித்தல் குறியை எண்ணோடு ஒட்டியே பார்க்கும். =0-5^2 என்றால் −25. காலேஜில் கால்குலேட்டரில் சரிபார்த்ததை ஆபீசில் எக்செல்லில் ஏற்றுகிறவர்கள் இதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். 6/2(1+2) என்று கொடுத்தால் எக்செல் ஏற்காது. நடுவில் * போட்டுத் திருத்தட்டுமா என்று கேட்கும்.

போனில் இருப்பதே போதாதா என்பவர்களுக்கு: கூகுள் கால்குலேட்டரும் ஐபோனில் வருவதும் 2 + 3 × 4-க்கு 14 சொல்லும். கூகுளில் 6÷2(1+2) என்றால் 9. கம்ப்யூட்டரில் விண்டோஸ் கால்குலேட்டர் ஸ்டாண்டர்ட் நிலையில் 20, சயின்டிஃபிக் நிலைக்கு மாற்றினால் 14. கடையில் கல்லா மெஷினுக்குப் பழகிய கை, போனில் 50 + 30 × 2 என்று அடித்து 160 எதிர்பார்த்தால் 110 தான் வரும்.

பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் போட்மாஸ் (அடைப்புக்குறி, ‘இல்’ அதாவது ஆஃப், வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்ற வரிசை) என்பதை எழுத்துக்கு எழுத்து எடுக்க வேண்டாம். வகுத்தல் முதலில், பெருக்கல் அப்புறம் என்று எழுத்துப்படியே போனாலும் 24 ÷ 4 × 2-க்கு 12 தான் வரும், சேதமில்லை. கூட்டல் முதலில், கழித்தல் அப்புறம் என்று போனால் 10 − 4 + 3 என்பது 10 − 7 ஆகி 3 வந்துவிடும். சரியான விடை 9. எந்த மெஷினும் 9 தான் சொல்லும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் ஓ. ‘12 ÷ 6-இல் ½’ என்று கேட்டால் 6-இல் பாதி 3-ஐ முதலில் எடுத்து 12 ÷ 3 = 4 என்பது நம் பாட வழக்கம். அதையே 12 ÷ ½ × 6 என்று மெஷினில் மாற்றினால் 144. ‘இல்’ என்பதற்கு எந்த மெஷினிலும் பட்டன் இல்லை, அடைப்புக்குறி போட வேண்டும்.

ஆக, எதை வாங்குவது? கடைக்கு ஜிடியும் செக் வசதியும் உள்ள 12 இலக்க மெஷின், பட்டன் பெரிதாக இருந்தால் நல்லது. முதலாம் ஆண்டு சேருகிற பிள்ளைக்கு 991சிடபிள்யூ. இரண்டாம் ஆண்டுக்கு மேல் ஏற்கெனவே பழகியது இஎஸ் பிளஸ் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எம்எஸ் மலிவு என்பதற்காக மட்டும் வேண்டாம். எதை வாங்கினாலும் அந்தக் கல்லூரியின் தேர்வு விதியில் அந்த மாடலுக்கு இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்கென்று தனியாக வாங்க வேண்டாம். அங்கே திரையிலேயே கால்குலேட்டர் தருகிறார்கள், சொந்தமாகக் கொண்டுபோக விடுவதில்லை.

பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறிய நகல்கள் நடைபாதைக் கடைகளில் கிடைக்கும். கல்லாவுக்கு அவை ஓடும் வரை ஓடும். சயின்டிஃபிக்கில் நகல் வாங்கினால் மேலே சொன்ன எந்தக் கணக்குக்கும் என்ன விடை வரும் என்று உத்தரவாதம் இல்லை. பெட்டி, கையேடு, பில், வாரண்டி அட்டை நான்கும் கேட்டு வாங்குங்கள்.

சீனியரிடம் பழையது வாங்குகிறவர்கள் முதலில் ரீசெட் செய்யுங்கள்: எம்எஸ்ஸில் ஷிப்ட், மோட், 3, =; இஎஸ் பிளஸ்ஸில் ஷிப்ட், 9, 3, =, ஏசி. பிறகு சைன் 30. 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. −0.988 என்றால் ரேடியன், 0.454 என்றால் கிரேடியன்; எம்எஸ்ஸில் மோடிலும் இஎஸ் பிளஸ்ஸில் செட்டப்பிலும் போய் மாற்றிவிட்டு, = பட்டனை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். முதலில் தேய்வது அதுதான்.